'சைக்கோ 2' படத்தில் ஒளிந்திருக்கும் அந்தச் சிறுவன் யார்? ஆண்டனி பெர்கின்ஸின் கதை

2024-ல் வெளியான 'லாங்லெக்ஸ்' படத்தைப் பார்த்துவிட்டு, ராத்திரி லைட்டை அணைக்கத் தயங்கியவர்களில் நீங்களும் ஒருவரா? அப்படியென்றால் அதன் இயக்குநர் ஆஸ் பெர்கின்ஸ் பற்றி ஒரு தகவல். அவர் முதன்முதலில் திரையில் தோன்றியது 1983-ல், 'சைக்கோ 2' படத்தில். சிறுவயது நார்மன் பேட்ஸாக, ஒரு ஃப்ளாஷ்பேக்கில் கொஞ்ச நேரம்தான் வருவார். பெரிய நார்மனாக நடித்தவர் அவருடைய அப்பா, ஆண்டனி பெர்கின்ஸ்.

ரசிகர்கள் இதை ஒரு சுவாரஸ்யமான துணுக்காகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆனால் அந்தச் சில நொடிகளுக்குப் பின்னால் ஒரு முழு வாழ்க்கையே இருக்கிறது. ஒரே ஒரு வெற்றியில் மாட்டிக்கொண்ட ஒரு மனிதர், வேலை போய்விடும் என்ற பயத்தில் கடைசிவரை ஒரு உண்மையை மறைத்து வாழ்ந்த கதை அது.

(ஒரு விஷயம்: இது மிஷ்கினின் 2020 'சைக்கோ' இல்லை. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 1960 படமும் அதன் தொடர்ச்சிகளும்.)

அப்பாவை இழந்த ஐந்து வயது

ஆண்டனி பெர்கின்ஸ் பிறந்தது 1932-ல், நியூயார்க்கில். அப்பா ஆஸ்குட் பெர்கின்ஸ் மேடையிலும் சினிமாவிலும் பெயர் பெற்ற நடிகர். 1937-ல் மாரடைப்பில் இறந்துபோனார். மகனுக்கு அப்போது வயது ஐந்து. அதன்பிறகு அம்மாவும் பிள்ளையும் மட்டும்தான்.

பல வருடம் கழித்து ஒரு பேட்டியில் பெர்கின்ஸ் மனம்விட்டுப் பேசினார். சின்ன வயதில் அம்மாவின் அன்புக்காக அப்பாவிடம் பொறாமைப்பட்டதாகவும், அவர் இல்லாமல் போனால் நன்றாக இருக்குமே என்று நினைத்ததாகவும், அது உண்மையிலேயே நடந்தபோது தன்னால்தான் என்று நம்பிக் குற்ற உணர்வில் தவித்ததாகவும் சொன்னார்.

இப்போது 'சைக்கோ' படத்தை மறுபடி போட்டுப் பாருங்க. அலுவலக அறையில் மேரியனிடம் நார்மன் தன் கதையைச் சொல்லும் இடம். அப்பா இறந்தபோது தனக்கு என்ன வயது என்று அவன் சொல்கிறான் தெரியுமா? ஐந்து.

காமெராவுக்குப் பின்னால்

1956-ல் வெளியான 'ஃப்ரெண்ட்லி பெர்சுவேஷன்' படத்துக்காக பெர்கின்ஸுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. ஹாலிவுட் அவரை அடுத்த காதல் நாயகனாக வளர்க்க ஆசைப்பட்டது. ஆனால் அந்தக் காலத்து ஸ்டூடியோ உலகில் ஆணை நேசிக்கும் ஒரு நடிகர் அதை வெளியே சொன்னால் தொழில் அன்றோடு முடிந்துவிடும். சக நடிகர் டேப் ஹன்டருடன் அவருக்கு இருந்த உறவு அப்போது ரகசியமாகவே இருந்தது. 2005-ல் வெளியான சுயசரிதையில்தான் ஹன்டர் அதை விரிவாக எழுதினார்.

அந்த நேரத்தில் வந்ததுதான் 'சைக்கோ'. ராபர்ட் பிளாக்கின் நாவலில் நார்மன் குண்டான, நடுத்தர வயதுக்காரன். ஹிட்ச்காக் அதை மாற்றினார். பார்த்தால் பாவமாகத் தோன்றும், கூச்ச சுபாவமுள்ள ஓர் இளைஞன் வேண்டும் என்று பெர்கின்ஸைத் தேர்வு செய்தார். சம்பளம் 40,000 டாலர். படத்தில் மேரியன் திருடிக்கொண்டு ஓடும் தொகையும் அதேதான்!

இன்னொன்று கேளுங்க. உலகமே பேசும் அந்த ஷவர் காட்சியில் பெர்கின்ஸ் இல்லவே இல்லை. அது எடுக்கப்பட்டபோது அவர் நியூயார்க்கில் 'கிரீன்வில்லோ' என்ற மேடை இசை நாடகத்துக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். கத்தியோடு தெரிவது வேறொருவருடைய உருவம். ஆனாலும் குளியலறைத் திரையைப் பார்த்தாலே ஜனங்களுக்கு ஞாபகம் வந்தது பெர்கின்ஸின் முகம்தான்.

ஒரே வெற்றி, ஆயுள் தண்டனை

உங்க அலுவலகத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். பத்து வருடம் முன்னால் ஒரு ப்ராஜெக்ட்டை அற்புதமாக முடித்திருப்பார். அதற்குப் பிறகு என்ன செய்தாலும் அந்த ஒன்றை வைத்துத்தான் அவரை அறிமுகப்படுத்துவார்கள். பெர்கின்ஸுக்கு நடந்ததும் அதுதான்.

1961-ல் 'குட்பை அகெய்ன்' படத்துக்காக கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கினார். ஆர்சன் வெல்ஸின் 'தி டிரையல்' படத்தில் நாயகனாக நடித்தார். இசையமைப்பாளர் ஸ்டீஃபன் சோண்ட்ஹைமுடன் சேர்ந்து 'தி லாஸ்ட் ஆஃப் ஷீலா' என்ற துப்பறியும் படத்துக்குத் திரைக்கதை எழுதினார். ஆனால் தெருவில் பார்த்தவர்களுக்கு அவர் நார்மன் பேட்ஸ்தான். நார்மனுக்காக அவருக்கு ஆஸ்கர் பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை என்பது தனிக்கதை.

1973-ல் புகைப்படக் கலைஞர் பெரி பெரென்சனைத் திருமணம் செய்துகொண்டார். இரண்டு மகன்கள். மூத்தவருக்கு, ஐந்து வயதில் தான் இழந்த அப்பாவின் பெயரையே வைத்தார்: ஆஸ்குட். அவர்தான் இன்றைய ஆஸ் பெர்கின்ஸ்.

'சைக்கோ 2': எங்கே என்ன ஒளிந்திருக்கிறது?

22 வருடம் கழித்து நார்மன் மனநல மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவதுதான் கதை. பெர்கின்ஸ் முதலில் தயங்கினார். டாம் ஹாலண்டின் திரைக்கதையைப் படித்த பிறகுதான் சம்மதித்தார். இயக்குநர் ரிச்சர்ட் ஃப்ராங்ளின் தீவிர ஹிட்ச்காக் பக்தர். அடுத்த முறை பார்க்கும்போது இவற்றைக் கவனியுங்க:

அம்மாவின் அறை: நார்மனும் மேரியும் அந்த அறைக்குள் நுழையும்போது, விளக்கைப் போடுவதற்கு முன், சுவரில் ஒரு நிழல் தெரியும். அது ஹிட்ச்காக்கின் உருவம். தன் படங்களில் ஒரு நொடி தலைகாட்டும் அவருடைய வழக்கத்துக்கு மரியாதை. அவர் 1980-லேயே இறந்துவிட்டார்.

மேரி சாமுவேல்ஸ்: புதிதாக வரும் பெண் சொல்லும் பெயர் இது. முதல் படத்தில் மேரியன் மோட்டல் பதிவேட்டில் எழுதிய பொய்ப்பெயரும் கிட்டத்தட்ட இதுதான்: மரீ சாமுவேல்ஸ்.

சாண்ட்விச்சும் பாலும்: முதல் படத்தில் மேரியனுக்கு நார்மன் கொடுத்த அதே சாப்பாடு. இந்தத் தடவை கத்தியைக் கையில் எடுப்பதற்கே அவன் தடுமாறுகிறான்.

பழைய முகங்கள்: மேரியனின் தங்கை லைலாவாக அதே வெரா மைல்ஸ். முதல் படத்தில் உதவி இயக்குநராக இருந்த ஹில்டன் கிரீன்தான் இதற்குத் தயாரிப்பாளர்.

அந்தச் சிறுவன்: அப்பாவை இழந்த பையனாக, தாத்தாவின் பெயரைத் தாங்கிய பேரன் நடிக்கிறான்.

எந்த வேடத்தை விட்டு 20 வருடம் ஓடினாரோ, அதற்குள் தன் மகனையே கூட்டிவந்தார் பெர்கின்ஸ். ஓட முடியாது என்று தெரிந்ததும் அதைச் சொந்தமாக்கிக்கொண்டார் என்றும் சொல்லலாம்.

1986-ல் 'சைக்கோ 3' படத்தை அவரே இயக்கினார். ஆரம்பத்தில் வரும் மணிக்கூண்டுக் காட்சி ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' படத்துக்கு வணக்கம். மோட்டலுக்கு வரும் பெண்ணின் பெட்டியில் மேரியன் கிரேனின் அதே இனிஷியல்கள். பிறகு நார்மன் கத்தியோடு குளியலறைக்குள் போகிறான். உள்ளே அவள் ஏற்கெனவே தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு கிடக்கிறாள். கொல்லப் போனவன் காப்பாற்றுகிறான்! சினிமாவின் மிகப் பிரபலமான கொலையை, அதைச் செய்தவனாக அறியப்பட்ட நடிகரே தலைகீழாகத் திருப்பிப் போட்டார். வசூலில் படம் சரியாகப் போகவில்லை.

கடைசி ரகசியம்

1990-ல் தொலைக்காட்சிக்காக 'சைக்கோ 4'. அதே வருடம், பெர்கின்ஸுக்கு எச்ஐவி தொற்று இருப்பதாக ஒரு பரபரப்புப் பத்திரிகை செய்தி போட்டது. வேறொரு சிகிச்சைக்காக அவர் ரத்தம் கொடுத்திருந்த சமயம் அது. அவர் மனைவி பின்னர் சொன்னபடி, அவருக்கே அந்தச் செய்தி வழியாகத்தான் விஷயம் தெரியவந்தது. பரிசோதித்துப் பார்த்தார். உண்மைதான்.

வெளியே சொல்லவில்லை. சொன்னால் யாரும் வேலை கொடுக்கமாட்டார்கள் என்ற பயம். இளமையில் தன் காதலை மறைத்த அதே காரணம்தான் இப்போது நோயையும் மறைக்க வைத்தது. 1992 செப்டம்பர் 12 அன்று, 60 வயதில், வீட்டில் குடும்பத்தார் சூழ இறந்தார். விட்டுச்சென்ற அறிக்கையில், போட்டி நிறைந்த தன் தொழில் உலகத்தைவிட, எய்ட்ஸோடு வாழ்ந்த காலத்தில் சந்தித்த மனிதர்களிடமே அன்பை அதிகம் கற்றுக்கொண்டதாகச் சொல்லியிருந்தார்.

ஒன்பது வருடம் கழித்து, அவருடைய நினைவு நாளுக்கு முந்தைய தினம், பெரி பெரென்சன் பாஸ்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போகும் விமானத்தில் ஏறினார். தேதி 2001 செப்டம்பர் 11. உலக வர்த்தக மையத்தின் மீது முதலில் மோதிய விமானம் அதுதான்.

'லாங்லெக்ஸ்' பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்காக உண்மையை மறைக்கும் ஒரு அம்மாவைப் பற்றிய படமும்கூட. அப்பாவின் வாழ்க்கை பற்றித் தன் வீட்டில் காக்கப்பட்ட மௌனம்தான் அதன் விதை என்று ஆஸ் பெர்கின்ஸ் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

இந்த வார இறுதியில் 'சைக்கோ 2' பார்க்க உட்கார்ந்தால், சுவரில் ஹிட்ச்காக்கின் நிழலைத் தேடுங்க. கண்டுபிடித்தால் சந்தோஷம். ஆனால் அந்தச் சிறுவன் வரும்போது மட்டும் ஒரு நிமிஷம் படத்தை நிறுத்திப் பாருங்க. தன் அப்பா எதையெல்லாம் மறைக்க வேண்டியிருந்தது என்று அப்போது அவனுக்குத் தெரியாது.