விளக்கைத் தணித்துச் சொன்ன கதைகள்

பேய்க்கதை என்றாலே முகம் சுளிப்போர் நம்மிடையே உண்டு. பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். தேர்வுக்கு முந்தைய இரவுகளில்கூட என் கை நாடுவது பேய்க்கதைத் தொகுதிகளைத்தான். நெடிய நாவலில் அச்சம் நிலைப்பதில்லை. ஐம்பது பக்கம் தாண்டுவதற்குள் பேய் நமக்குப் பழகிவிடுகிறது! சிறுகதையிலோ, அது பழகுவதற்குள் கதை முடிந்து விளக்கும் அணைந்துவிடுகிறது. இந்த நுட்பத்தை முற்றும் உணர்ந்தவர் என்று நான் கருதுவது லாப்காடியோ ஹெர்ன் என்னும் எழுத்தாளரை. அவரும் கல்லூரியில் பாடம் சொன்னவரே.

1850ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் அயோனியத் தீவுகளுள் ஒன்றான லெப்காடாவில் அவர் பிறந்தார். தந்தை அயர்லாந்துக்காரர், பிரிட்டிஷ் படை மருத்துவர். தாய் கிரேக்க மங்கை. பிள்ளை டப்ளின் நகருக்கு வந்து சேர்ந்தது. 1854இல் தாய் பிரிந்து சென்றாள். அதன்பின் மகன் அவள் முகத்தைக் காணவே இல்லை. தந்தையோ மறுமணம் செய்துகொண்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார். செல்வமிக்க பெரிய பாட்டி ஒருத்தி சிறுவனை வளர்த்தாள்.

இருளில் பேய்களைக் காண்பதாகச் சிறுவன் நடுங்கினான். அச்சத்தைப் போக்க அந்த வீட்டார் கண்ட மருந்து என்ன தெரியுமா? விளக்கை எடுத்துக்கொண்டு, அறையில் தனியே விட்டுக் கதவைப் பூட்டினார்கள். வீட்டுக்கு வந்துபோகும் ஜேன் என்னும் பெண்ணை ஒருநாள் கண்டதாகவும், அவள் திரும்பியபோது முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெளிறிய மங்கல் மட்டுமே இருந்ததாகவும் பின்னாளில் அவர் எழுதிவைத்தார். பதினாறாம் வயதில் பள்ளி விளையாட்டில் இடக்கண் பார்வை போயிற்று. மற்றொரு கண்ணுக்கும் பார்வை குறைவு. புத்தகத்தை முகத்தருகே பிடித்துத்தான் படிப்பார்.

அமெரிக்க வாழ்வை விரித்துரைக்க இங்கு இடமில்லை. 1869இல் கையில் காசின்றிச் சின்சினாட்டி நகரை அடைந்து, பத்திரிகை நிருபராகப் பெயர் பெற்றார். கறுப்பினப் பெண்ணை மணந்ததற்காக வேலையை இழந்தார். அந்த மணமும் நிலைக்கவில்லை.

1890இல் ஜப்பான் சென்றார். மட்சுவே என்னும் சிற்றூரில் ஆங்கில ஆசிரியர் பணி. நொடித்துப்போன சாமுராய்க் குடும்பத்துப் பெண்ணான செட்சுவுடன் 1891இல் இல்லறம் தொடங்கினார். 1896இல் ஜப்பானியக் குடிமகனாகி, மனைவியின் குடும்பப் பெயரையே ஏற்று, கொய்சுமி யாகுமோ ஆனார். அவ்வாண்டே தோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கிய விரிவுரையாளரானார். மாணவர்கள் அவரைப் போற்றினார்கள். 1903இல் பதவி பறிபோனபோது போராடவும் செய்தார்கள்.

என் நெஞ்சைத் தொட்டது அவ்வீட்டின் இரவுகள்தான். ஜப்பானிய நூல்களைத் தாமே படிக்கும் அளவுக்கு அவருக்கு அம்மொழி கைவரவில்லை. செட்சுவுக்கோ ஆங்கிலம் தெரியாது. இருவருக்கும் மட்டுமே விளங்கும் ஓர் உடைந்த ஜப்பானியத்தில் பேசிக்கொண்டார்கள். செட்சு பழைய நூல்களைத் தேடிப் படித்துவைப்பார். இரவில் விளக்கைத் தணித்துவிட்டுக் கதை சொல்வார். நூலைப் பார்த்துச் சொல்லலாகாது, அவருடைய சொந்தச் சொல்லில்தான் வரவேண்டும் என்பது கணவரின் கட்டளை. கேட்கும்போது அவர் முகம் மாறிவிடும். அந்தக் குரல் எப்படி ஒலித்திருக்கும், அப்போது இரவு எப்படி இருந்திருக்கும் என்று தணிந்த குரலில் கேட்பார். சொன்ன கதைகளே செட்சுவின் உறக்கத்தில் கனவாக வந்து அச்சுறுத்தியதும் உண்டு.

சிறுவயதில் பூட்டிய அறையில் தனியே இருந்த அதே இருள்தான். இம்முறை பக்கத்தில் ஒருவர் இருந்தார்.

அவ்விரவுகளின் விளைச்சல் 1904 ஏப்ரலில் வெளிவந்த குவைதான் என்னும் தொகுதி. இறந்துபோன போர்வீரர் கூட்டத்தின்முன் யாழ் போன்ற கருவியை மீட்டிப் பாடும் குருட்டுப் பாடகன் ஹோய்ச்சியின் கதை அதில்தான் உள்ளது. அதை எழுதிய நாட்களில் அந்தி மயங்கியும் ஹெர்ன் விளக்கேற்றவில்லையாம். அடுத்த அறையிலிருந்து செட்சு ஹோய்ச்சி என்று மெல்ல அழைக்க, அவரும் அக்குருடனாகவே மறுமொழி தந்தாராம்! முஜினா என்னும் கதை சில பக்கங்களே. இருண்ட சாலையில் அழுதுகொண்டிருக்கும் ஒரு பெண் திரும்புகிறாள். அவளுக்குக் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை, வாயும் இல்லை. டப்ளின் வீட்டு ஜேன் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்துத் தோக்கியோ சாலையில் வந்து நின்றாள் என்றே நான் படித்தபோது எண்ணினேன்.

நூல் வெளிவந்த ஐந்தாம் மாதம், செப்டம்பர் 26ஆம் நாள், இதய நோயால் ஹெர்ன் மறைந்தார். வயது 54.

ஒரு குறை மட்டும் எனக்கு உண்டு. கதைகள் பழைய ஜப்பானிய நூல்களிலிருந்து வந்தவை என்றும், பனிமகள் கதையைச் சொன்னவர் ஓர் உழவர் என்றும் முன்னுரையில் நன்றியோடு குறித்தவர், செட்சுவின் பெயரை அங்கு எழுதவில்லை. தணித்த விளக்கைப் பற்றி நாம் அறிந்ததெல்லாம், 1914இல் அவ்வம்மையார் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளால்தான்.