விளையாட்டையும் நூலாக்கிய பாவாணர்

மொழிஞாயிறு ஞா. தேவநேயப் பாவாணர் என்றவுடன் சொல்லாராய்ச்சியும் அகரமுதலியும் நம் நினைவிற்கு வருதல் இயல்பு. அப்பெரும் புலவர் கோலியையும் பம்பரத்தையும் தட்டாங்கல்லையும் ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டு ஒரு தனி நூல் இயற்றினார் என்பதைப் பலர் அறியார். பிறந்த மண்ணை விட்டுக் கடல் கடந்து பெரார்கஞ்சில் வாழும் நம் குடும்பங்கட்கு அந்நூலால் ஒரு சிறந்த பயன் உண்டு. ஆதலின் அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்க விழைகின்றேன்.

பாவாணர் 1902ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7ஆம் நாள் நெல்லைச் சீமைச் சங்கரன்கோவிலில் ஞானமுத்து, பரிபூரணம் ஆகியோர்க்கு மகனாகப் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்து, வடக்கே ஆம்பூரில் தமக்கையாரின் ஆதரவில் வளர்ந்தார். தெற்கே பிறந்த குழந்தை வடக்கே வேறொரு வட்டார வழக்கின் நடுவே வளர நேர்ந்தது. ஊர் மாறிய பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு அந்நிலை புதிதன்று. பின்னர்ப் பாளையங்கோட்டையில் உயர்நிலைப் பள்ளிக் கல்வி பெற்றார். ஆசிரியப் பணியை மேற்கொண்ட பின்னரும் தாமே பயின்று, 1924இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதத் தேர்வில் தேறினார்.

ஆம்பூர், சென்னை, மன்னார்குடி, திருச்சிராப்பள்ளி எனப் பல ஊர்ப் பள்ளிகளில் தமிழாசிரியராக இருந்த அவர், 1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியில் பணிபுரிந்தார். இவ்வாறு பாண்டிநாடும் தொண்டைநாடும் சோழநாடும் கொங்குநாடும் அவருக்குப் பழகிய இடங்களாயின. ஒரே பொருளுக்கு ஊர்தோறும் வேறு பெயர் வழங்குவதைக் காதாற் கேட்கும் வாய்ப்பு அவருக்கு வாய்த்தது.

சேலத்தில் இருந்தபோது, 1954இல், ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’ என்னும் நூல் வெளிவந்தது. பழைய நூல்களில் வரும் ஆடல்களை மட்டும் திரட்டி அவர் அமைந்தாரல்லர். தெருவிலும் திண்ணையிலும் அந்நாளில் ஆடப்பட்டவற்றையே முதன்மையாகக் கொண்டார். ஆண்பாலார் ஆடுவன, பெண்பாலார் ஆடுவன, இருபாலாரும் ஆடுவன, குழந்தைகட்குரியன என்றும், பகலாட்டு, இரவாட்டு என்றும் வகுத்தார். ஆட்டின் பெயர், ஆடுவோர் தொகை, ஆடுகருவி, ஆடிடம், ஆடுமுறை, தோன்றிய வகை, விளையும் பயன் எனத் தலைப்பிட்டு, ஒழுங்குற எழுதினார். பாண்டிநாட்டு முறையும் சோழ கொங்கு நாட்டு முறையும் வேறுபடின் இரண்டையும் தனித்தனியே காட்டினார். நூலைக் கையிற் கொண்டு எவரும் அவ்வாட்டை ஆடலாம். பத்தாம் வகுப்போடு கல்வி நின்ற எனக்கு அவர்தம் மொழிநூல்கள் முற்றும் விளங்குவனவல்ல. இந்நூலோ தெளிவாக விளங்கிற்று.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். பல்லாங்குழி வரிசைக்கு ஏழாக இரு வரிசையில் 14 குழிகள் உடையது. குழிக்கு ஐந்து காய் இடுவதாயின் 70 காய் வேண்டும். பதினான்கு குழி என்பதே பன்னாங்குழி, பண்ணாங்குழி எனத் திரிந்து பல்லாங்குழி ஆயிற்று என்பது பாவாணர் கருத்து. பெயரே குழியின் தொகையைச் சொல்லிக் கொண்டிருக்க, நாம் அதனை அறியாது ஆடி வந்தோம். குழிக்கு ஒன்றாகக் காயிட்டுச் செல்லும் இவ்வினத்து ஆட்டங்கள் இலங்கையிலும் மலேயாவிலும் ஆப்பிரிக்காவிலும் உண்டு. எண்ணும் கூட்டலும் கணக்காசிரியர் பிரம்பின்றியே இதனால் பிள்ளைகட்குக் கைவருகின்றன.

மேலைநாட்டாரும் இத்துறையைச் சிறிதென்று தள்ளவில்லை. ஆலந்து நாட்டு வரலாற்றறிஞர் ஊய்சிங்கா, பண்பாட்டின் தோற்றத்திலேயே விளையாட்டு உண்டு என்பதை நிறுவ 1938இல் ஒரு பெருநூல் எழுதினார். நம் அந்தமானிலேயே, ஆங்கில அலுவலர் ஈ. எச். மேன் 1880களில் இத்தீவின் பழங்குடிகளைப் பற்றி எழுதியபோது, அவர்தம் பிள்ளைகளின் விளையாட்டுக்களையும் பதிவு செய்தார். தமிழ்ப் பிள்ளைகட்கு அத்தொண்டினைச் செய்தவர் பாவாணர்.

1956இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியேற்ற அவர் 1961இல் அதனின்று நீங்கினார். பின்னர்க் காட்பாடியில் வாழ்ந்த காலத்தில் வறுமையும் வருத்தமும் சூழ்ந்தபோதும் எழுத்தை விட்டாரல்லர். 1974இல் தமிழக அரசு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்திற்கு அவரை இயக்குநர் ஆக்கியது. 1981 சனவரியில் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் உரையாற்றியவர், நோயுற்று அத்திங்களிலேயே மறைந்தார். அகரமுதலியின் முதற்பகுதி 1985இல் வெளிவந்தபோது அதனைக் காண அவர் இல்லை. அவர்தம் மொழிமுடிபுகளை ஏற்காத அறிஞரும் உளர். ஆயினும் அவர் எழுதிவைத்த ஆடுமுறைகள் எக்கட்சியினர்க்கும் பயன்படும் செல்வமாம்.

அன்பர்களே! இருப்புப்பாதைத் துறையில் மூட்டைகட்கு எடைச்சீட்டு எழுதும் எழுத்தன் நான். ஊர்விட்டு ஊர் போவோர் அம்மியையும் குத்துவிளக்கையும் கட்டி எடுத்துச் செல்லக் கண்டிருக்கின்றேன். விளையாட்டிற்கு எடையில்லை, கட்டணமும் இல்லை. ஆயினும் வழியில் முதலில் தவறிப் போவது அதுவே. நம் பையன் கிட்டிப்புள் என்பதை அடுத்த வீட்டு வங்காளப் பையன் டாங்குலி என்பான். இந்தி பேசும் பையன் குல்லி டண்டா என்பான். மூவரும் கூடி ஆடுவது நன்றே. அக்கூட்டத்தில் நம் பெயரையும் நம் முறையையும் அறிந்த பிள்ளை ஒருவனேனும் இருத்தல் வேண்டும். தாத்தாவும் பாட்டியும் சொல்லாவிடின் அவன் எங்ஙனம் அறிவான்?

பாவாணர் வகுத்த தலைப்புக்கள் நம் கையில் உள்ளன. வீட்டுக்கு ஓர் ஆட்டமாக, முதியோர் சொல்லச் சிறுவர் எழுதட்டும். அவ்வேடுகளைச் சங்கத்தில் தொகுத்து வைப்போம். எழுதி முடித்த அன்று மாலையே முற்றத்தில் அதனை ஆடியும் பார்ப்போம்.

வாழ்க பாவாணர் புகழ்!