காற்றுக் கூரையை அளந்த பேரறிஞர்

கதிரவன் தலைகாட்ட ஒரு மணி நேரத்திற்கு மேல் இருக்கும்போதே கீழ்வானில் வெள்ளிழை படர்கிறது. நீங்கள் பஜ்ருத் தொழுகைக்கு எழுகிறீர்கள். அடிவானத்திற்குக் கீழே மறைந்திருக்கும் கதிரவனின் ஒளி உங்களை வந்தடைவது எவ்வாறு? உயரத்திலுள்ள காற்று அதனை ஏந்திச் சிதறச் செய்வதாலன்றோ! காற்று மண்டலம் இல்லையேல் வைகறையும் இல்லை, அந்தியும் இல்லை. இந்த வைகறை ஒளியைக் கொண்டே 11-ஆம் நூற்றாண்டில் அந்தலூசியாவின் காழி இப்னு முஆத் அல்ஜய்யானி காற்று மண்டலத்தின் உயரத்தைக் கணக்கிட்டார்.

அதே காற்றின் அடுக்குகளைக் கருவிகொண்டு ஆராய்ந்தவர், பாலக்காட்டின் கல்பாத்தியில் 1893-ஆம் ஆண்டு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த கே. ஆர். இராமநாதன். அறிவு எவரிடமிருந்தாலும் அதனைப் போற்றுவது நம் முன்னோர் வழியாதலின், அவர் வரலாற்றை இங்குக் கூற முற்படுகிறேன்.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, திருவனந்தபுரத்தில் ஆசிரியப் பணியாற்றிய அவர், பின்னர் கல்கத்தாவில் சர் சி. வி. இராமனுடன் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். திரவங்களில் சிதறும் ஒளியில் நிறம் மாறிய ஒரு மெல்லிய ஒளி கலந்திருப்பதை 1923-இல் அவர் கண்டார். அதன் உண்மைப் பொருள் 1928-இல் இராமன் விளைவாக வெளிப்பட்டது. 1930-இல் நோபல் பரிசு இராமனுக்குக் கிடைத்தது. இராமநாதனோ 1925-லேயே வானிலைத் துறையில் சேர்ந்து, வேறொரு பெரும்பணியில் மூழ்கியிருந்தார்.

அப்பணி யாது? கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூருக்கு ஏறிச் செல்லும்போது காற்று குளிர்வதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். ஒரு கிலோமீட்டர் உயர்ந்தால் ஏறத்தாழ ஆறரைப் பாகை வெப்பம் குறையும். இக்குறைவு எதுவரை நீளும்? ஆக்ராவிலிருந்து கருவி கட்டிய பலூன்கள் வானில் விடப்பட்டன. அவை எங்கோ விழ, கண்டெடுத்தோர் அக்கருவிகளைத் திருப்பியளித்தால்தான் கணக்குக் கிட்டும். இத்தகைய பதிவுகளையும் உலகின் பிற இடங்களின் பதிவுகளையும் ஒப்புநோக்கி, 1929-இல் அவர் ஒரு வியப்பான உண்மையை நிலைநாட்டினார். துருவப் பகுதிகளில் 8, 9 கிலோமீட்டரிலேயே முடிந்துவிடும் கீழடுக்கு, நிலநடுக்கோட்டுப் பகுதியில் 16, 17 கிலோமீட்டர் வரை உயர்கிறது. வெப்ப நாடுகளுக்கு மேலுள்ள அந்த எல்லையே கடுங்குளிர் மிக்கதாக இருக்கிறது!

இதன் நன்மையைச் சிந்தியுங்கள். மேலேறும் நீராவி அக்குளிரில் உறைந்து தடுக்கப்படுகிறது. பூமியின் நீர் பூமிக்கே மழையாகத் திரும்புகிறது. அதற்கும் மேலே ஓசோன் வாயு, கதிரவனின் தீய புறஊதாக் கதிர்களை உறிஞ்சுகிறது. அந்த ஓசோன் முழுவதையும் தரைமட்டத்தில் திரட்டினால் 3 மில்லிமீட்டர் கனமே தேறும். எத்துணை மெல்லிய கவசம்!

1948-இல் ஓய்வு பெறும் வயதில், அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தின் முதல் இயக்குநராகி, 1966 வரை அப்பொறுப்பை வகித்தார். அங்கு ஓசோன் ஆராய்ச்சியை வளர்த்தார். 1976-இல் பத்ம விபூஷண் விருது பெற்ற அவர், 1984 டிசம்பர் 31-இல் மறைந்தார். ஐந்தே மாதங்களில், தென்துருவ வானில் ஓசோன் பெரிதும் குறைந்துவிட்ட செய்தி உலகை அதிர வைத்தது. 1987-இல் மாண்ட்ரியல் நகரில் நாடுகள் கூடி, அதனை அழிக்கும் வாயுக்களைக் கட்டுப்படுத்த உடன்பட்டன. இன்று அக்கவசம் மெல்ல மீண்டு வருகிறது. மனிதன் கெடுத்ததை மனிதனே திருந்திச் சீராக்க முடியும் என்பதற்கு இது சான்றன்றோ!

ஓசூர்ப் பகுதியின் சகோதரர்களே! தொழிற்சாலைகள் நம் பிள்ளைகளுக்குப் பிழைப்புத் தந்தன, அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் மார்கழிக் குளிரில் தரையை ஒட்டிய காற்று கனத்துக் கிடக்கும்போது, ஆலைப் புகையும் லாரிப் புகையும் மேலெழ வழியின்றி நம் வாசலிலேயே தங்குகின்றன. அதே வாசலில் குப்பையையும் பிளாஸ்டிக்கையும் நாமும் கொளுத்தலாமா? காற்று நம் உடைமையன்று. இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். நாளைப் பஜ்ரு தொழுது வெளியே வரும்போது கீழ்வானைச் சற்று நோக்குங்கள். அவ்வெளிச்சத்தை உங்களுக்குக் கொண்டுவந்து தருவது அந்தக் காற்றே.