போல்ட்டைப் பார்த்தே துப்பாக்கியின் ஊரைச் சொல்லலாம்: யார் இந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ?

2020 குடியரசு தின அணிவகுப்போடு .303 ரைஃபிளுக்கு விடை கொடுத்தது உத்தரப் பிரதேச காவல்துறை. த்ரீ நாட் த்ரீ என்று நாம் கேட்டுப் பழகிய அந்தத் துப்பாக்கியின் பெயர் லீ-என்ஃபீல்டு. என்ஃபீல்டு என்பது லண்டன் அருகே ஆயுத ஆலை இருந்த ஊர். சரி, லீ யாரு?

கடிகாரக் கடையிலிருந்து...

1831-ல் ஸ்காட்லாந்தின் ஹாவிக் ஊரில் பிறந்தவர் ஜேம்ஸ் பாரிஸ் லீ. சிறுவயதிலேயே குடும்பம் கனடாவுக்குப் போய்விட்டது. அப்பாவிடம் கற்றது கடிகாரத் தொழில். ஆனால் மனசு முழுக்க துப்பாக்கிதான். 12 வயதிலேயே பழைய கைத்துப்பாக்கிக் குழாயை வைத்துத் தானே ஒன்றைச் செய்து பார்த்தார்.

பின்னர் அமெரிக்காவின் விஸ்கான்சினில் குடியேறினார். 1865-ல் ராணுவத்திடமிருந்து 1,000 துப்பாக்கிகளுக்கு ஆர்டர் கிடைத்தது. குழாயின் உள்விட்ட அளவில் தகராறு வந்தது. ராணுவம் வாங்க மறுத்துவிட்டது. பெரிய அடி. ஆனாலும் அவர் தொழிலை விடவில்லை.

பெயர் நின்றது எப்படி?

1879-ல் போல்ட்டுக்குக் கீழே தோட்டாக்களை அடுக்கும் பெட்டி மேகசினுக்கு காப்புரிமை பெற்றார். பிரிட்டன் அதை விரும்பியது. 1888-ல் லீ-மெட்ஃபோர்டு வந்தது. புதிய கார்டைட் வெடிமருந்தின் சூட்டில் மெட்ஃபோர்டு வடிவமைத்த குழாய் வரிகள் சீக்கிரம் தேய்ந்தன. அதனால் 1895-ல் என்ஃபீல்டு வரிகள் வந்தன. மெட்ஃபோர்டு பெயர் போனது, லீ பெயர் நின்றது.

போல்ட் என்ன சொல்லும்?

தோட்டாவை உள்ளே தள்ளி, பின்பக்கத்தை அடைத்துப் பூட்டும் இரும்புத் தண்டுதான் போல்ட். ஜெர்மனியின் மவுசர் 98 ரைஃபிளில் முக்கியப் பூட்டுப் பற்கள் போல்ட்டின் முன்னால் இருக்கும். லீயின் வடிவமைப்பில் பின்னால். வடிவமைப்பு யாருடையது என்பதற்கு இதுதான் முதல் துப்பு.

எந்த ஆலை என்பதை முத்திரை சொல்லும். இரண்டாம் உலகப்போர் கால எண் 4 ரைஃபிளில் சதுர வடிவ எஸ் இருந்தால் அமெரிக்காவின் சாவேஜ், எல்பி என்றால் கனடாவின் லாங் பிராஞ்ச், எம்47சி என்றால் இங்கிலாந்தின் பிஎஸ்ஏ. சுதந்திரத்துக்குப் பின் மேற்கு வங்கத்தின் இச்சாப்பூரில் தயாரான ரைஃபிள்களின் உடற்பகுதியில் ஆர்எஃப்ஐ என்ற எழுத்துகளைப் பார்க்கலாம்.

இதில் ஆபத்து என்ன?

போல்ட் கைப்பிடியில் உள்ள எண்ணும் உடற்பகுதியில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் போல்ட் மாற்றப்பட்டிருக்கலாம் என்று அர்த்தம். வேறு துப்பாக்கியின் போல்ட் உள்ளே கச்சிதமாகப் போகும். ஆனால் தோட்டாவுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளி கூடிப்போகலாம். சுடும்போது பித்தளைக் கூடு கிழிந்தால் சூடான வாயு சுடுபவர் முகத்துக்கே வரும். எண் 4 ரைஃபிளில் போல்ட்டின் தலைப்பகுதி 0 முதல் 3 வரை நான்கு அளவுகளில் வந்ததே இந்த இடைவெளியைச் சரிசெய்யத்தான். ஆக, முத்திரை ஊரைச் சொல்லும். பாதுகாப்பை அளந்து பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும்.

1904-ல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் லீ காலமானார். அடுத்த சில ஆண்டுகளில் அவர் பெயர் தாங்கிய ரைஃபிள் இச்சாப்பூரில் தயாராகத் தொடங்கியது. உள்விட்ட அளவுத் தகராறில் 1,000 துப்பாக்கிகளை விற்க முடியாமல் போனவரின் வடிவமைப்பு, பிறகு லட்சக்கணக்கில் உருவானது.