கைகளால் நோவு தீர்க்க முயன்றவர்: டாக்டர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில்

முதுகு வலி இல்லாத வீடு எங்கேனும் உண்டா? தண்ணீர்க் குடம் சுமக்கும் அன்னைக்கு இடுப்பு வலி. நாள் முழுதும் தையல் இயந்திரத்தின்முன் குனிந்திருக்கும் அக்காளுக்குக் கழுத்து வலி. புத்தகப் பையைச் சுமந்து வரும் நமக்கோ தோள் வலி. வலி வந்தால் தைலம் தேய்க்கிறோம். சுளுக்கு என்றால் எண்ணெய் தொட்டு வழித்துவிடத் தெரிந்த பாட்டியைத் தேடிப் போகிறோம். அந்தப் பாட்டியின் விரல் பட்டதும் வலி சற்றுத் தணிவதை நம்மில் பலரும் உணர்ந்திருக்கிறோம். கைகளுக்கு நோவைத் தீர்க்கும் ஆற்றல் உண்டா? உண்டென்றால் எந்த அளவுக்கு உண்டு? இந்தக் கேள்விக்கே தம் வாழ்நாளைக் கொடுத்த ஒருவரைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம். அவரே ஆஸ்டியோபதி என்னும் மருத்துவ முறையைத் தோற்றுவித்த டாக்டர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில்.

பிறப்பும் இளமையும்

1828-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6-ஆம் நாள், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், மரக்கட்டைகளால் கட்டிய எளிய வீடொன்றில் ஸ்டில் பிறந்தார். தந்தையார் மெதடிஸ்ட் சபையின் போதகர், மருத்துவமும் அறிந்தவர். குதிரையேறி ஊர் ஊராகச் சென்று ஒருங்கே இரு தொண்டும் ஆற்றி வந்தார். 1837-இல் குடும்பம் மிசௌரி மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தது.

ஸ்டில்லுக்கு ஏறத்தாழப் பத்து வயதிருக்கும்போது நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஒரு நாள் அவருக்குக் கடுமையான தலைவலி. தந்தையின் ஏர்க்கயிற்றை இரு மரங்களுக்கிடையே கட்டி ஊஞ்சலாடிக் கொண்டிருந்தவரால் ஆட முடியவில்லை. கயிற்றைத் தரைக்குச் சற்று மேலே வரும்படி தாழ்த்தினார். அதன்மேல் போர்வையின் ஒரு முனையை மடித்துப் போட்டார். பின்னங்கழுத்து அதன்மீது படியும்படி தரையில் படுத்து உறங்கிவிட்டார். விழித்தபோது தலைவலியைக் காணோம்! அதன் பிறகு தலைவலி வரும்போதெல்லாம் அவர் அந்தக் கயிற்றையே நாடினார். வலி ஏன் போயிற்று என்பது மட்டும் அவருக்கு நெடுங்காலம் விளங்கவில்லை. விளையாட்டாகக் கண்ட ஒன்றை மறந்துவிடாமல், முதுமையில் எழுதிய தன்வரலாற்றிலும் அதைப் பதிவு செய்தார். சிறியதென்று ஒதுக்காத இக்குணமே பின்னாளில் அவரை உயர்த்தியது எனலாம்.

தொண்டும் துயரமும்

1853-இல் ஸ்டில் கான்சாஸ் பகுதிக்குச் சென்றார். அங்கே ஷானி என்னும் பழங்குடி மக்களிடையே அவர் தந்தையார் பணியாற்றி வந்தார். தந்தையின் அருகிலிருந்து ஸ்டில்லும் மருத்துவம் கற்றார். அக்காலத்தில் பலர் இவ்வாறே மருத்துவர் ஆயினர். உடலின் அமைப்பை அறிய வேண்டும் என்ற வேட்கையால், பழங்குடியினரின் கல்லறைகளைத் தோண்டி எலும்புகளை எடுத்தும் பயின்றார். இறந்தோரின் உறவினர் மனத்தை எண்ணிப் பார்க்கும் நம்மால் இச்செயலை ஏற்க இயலாது. பெரியோர் வாழ்வைக் கூறும்போது இத்தகையவற்றை மறைப்பதும் முறையன்று.

கறுப்பின மக்களை அடிமைகளாக விற்கும் கொடுமையை ஸ்டில் வன்மையாக எதிர்த்தார். 1857-இல் கான்சாஸ் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது அடிமை முறையை எதிர்த்த வடபுலத்தாரின் பக்கம் நின்று போரிட்டார்.

வெளியே போர் நடந்தது. வீட்டிலோ அதனினும் பெரிய துயரம் காத்திருந்தது. முதல் மனைவி மேரி மார்கரெட் 1859-இல் காலமாகிவிட்டார். 1860-இல் மேரி எல்விரா டர்னர் என்பவரை ஸ்டில் மணந்தார். 1864-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள சவ்வைத் தாக்கும் மெனிஞ்சைட்டிஸ் காய்ச்சல் அவர் இல்லத்தில் புகுந்தது. மருத்துவர்கள் வந்தனர், தம்மால் இயன்றதைச் செய்தனர். பயனில்லை. மூன்று குழந்தைகள் அடுத்தடுத்து மாண்டனர். தாமே ஒரு மருத்துவராயிருந்தும் தம் மக்களைக் காக்க முடியாத தந்தையின் உள்ளம் எவ்வளவு துடித்திருக்கும்!

அந்நாளைய மருத்துவத்தின் நிலையை நாம் அறிந்து கொள்ள வேண்டும். நோயாளியின் உடலிலிருந்து இரத்தத்தை வடித்தனர். பாதரசம் சேர்ந்த கலோமெல் என்னும் மருந்தைக் கொடுத்தனர். அதனால் பல்லும் ஈறும் கெட்டன. இம்மருத்துவத்தின்மீது ஸ்டில்லுக்கு இருந்த நம்பிக்கை அடியோடு தகர்ந்தது. இறைவன் படைத்த உடலுக்குள்ளேயே அதனைச் செப்பனிடும் வழியும் இருக்க வேண்டும் என்று எண்ணினார். மீண்டும் எலும்பு, தசை, நரம்பு, இரத்தக் குழாய் ஆகியவற்றை இரவு பகலாக ஆராய்ந்தார்.

ஏளனத்தின் நடுவே

1874-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாளையே தம் புதிய முறை பிறந்த நாளாக ஸ்டில் பின்னர்க் குறிப்பிட்டார். எலும்புகளும் தசைகளும் தத்தம் நிலையில் சீராக இருந்தால் இரத்தம் தடையின்றி ஓடும். இரத்தம் தடையின்றி ஓடினால் உடல் தன்னைத்தானே நலமாக்கிக் கொள்ளும். தடை உள்ள இடத்தைக் கையால் கண்டறிந்து நீக்குவதே மருத்துவர் கடமை. இதுவே அவர் கொள்கையின் சுருக்கம்.

கான்சாஸிலுள்ள பேக்கர் பல்கலைக்கழகத்தை நிறுவ உதவியவர்களுள் அவர் குடும்பத்தாரும் அடங்குவர். அங்கேயே தம் கருத்தை எடுத்துரைக்க அனுமதி கேட்டார், மறுத்துவிட்டனர். மனம் சோராமல் மிசௌரிக்குத் திரும்பி, 1875-இல் கிர்க்ஸ்வில் என்னும் சிற்றூரில் குடியேறினார். வறுமை வாட்டியது. ஊர் ஊராகச் சென்று மருத்துவம் பார்த்தார். பித்தரென்றும் எலும்பு முறிப்பவரென்றும் ஏசினர். ஆயினும் நடக்க இயலாமல் வந்தோர் சிலர் நடந்து திரும்பவே, கூட்டம் பெருகியது. 1890-களில் கிர்க்ஸ்வில்லுக்கு நோயாளிகள் ரயிலேறி வரலாயினர்.

கிரேக்க மொழியில் எலும்பைக் குறிக்கும் சொல்லையும் நோவைக் குறிக்கும் சொல்லையும் இணைத்துத் தம் முறைக்கு ஆஸ்டியோபதி என்று பெயரிட்டார். 1892-இல் கிர்க்ஸ்வில்லில் ஓர் எளிய மரக்கட்டடத்தில் அமெரிக்க ஆஸ்டியோபதிப் பள்ளியைத் தொடங்கினார். எடின்பரோவில் பயின்ற வில்லியம் ஸ்மித் உடற்கூற்றியல் கற்பித்தார்.

இங்கே நாம் மகிழ்ந்து போற்ற வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அமெரிக்காவின் மருத்துவக் கல்லூரிகள் பல பெண்களைச் சேர்க்கத் தயங்கிய அக்காலத்தில், ஸ்டில்லின் பள்ளி முதல் வகுப்பிலிருந்தே பெண்களையும் சேர்த்துக் கொண்டது. அவர்களுள் ஜெனட் போல்ஸ் என்பவர் பின்னர் டென்வர் நகரில் சிறப்பாகப் பணியாற்றினார். நோயறியும் விரல்களுக்கு ஆண் பெண் என்ற வேறுபாடு ஏது?

1896-இல் வெர்மான்ட் மாநிலம் இம்முறையை முதன்முதலாகச் சட்டத்தால் ஏற்றது. அதற்கு முந்தைய ஆண்டு மிசௌரி ஆளுநர் இத்தகைய சட்டத்தைத் தடுத்திருந்தார். 1897-இல் அம்மாநிலமும் இசைந்தது.

உடலை இணைக்கும் உறை

1899-இல் ஸ்டில் வெளியிட்ட ஆஸ்டியோபதித் தத்துவம் என்னும் நூலில், அந்நாளில் பலர் பொருட்படுத்தாத ஓர் உறுப்புக்குத் தனி இடம் தந்தார். அதுவே ஃபேசியா எனப்படும் இணைப்புத் திசு உறை. ஆட்டிறைச்சியை நறுக்கும்போது தசையின்மேல் வெண்மையாக ஒரு மெல்லிய சவ்வு ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அது ஃபேசியாவே. சாத்துக்குடியின் ஒவ்வொரு சுளையையும் தோல் சூழ்ந்து, எல்லாச் சுளைகளையும் ஒரே பழமாகச் சேர்த்து வைப்பதுபோல், இவ்வுறை ஒவ்வொரு தசையையும் சூழ்ந்து, தலை முதல் கால் வரை உடலை ஒன்றாக இணைக்கிறது.

இவ்வுறையில் பல அடுக்குகள் உண்டு. அவற்றிடையே ஹயலுரோனிக் அமிலம் என்னும் வழுவழுப்பான பொருள் இருப்பதால், நாம் குனியும்போதும் நிமிரும்போதும் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன. அடிபட்டாலோ, அறுவைக்குப்பின் தழும்பு உண்டானாலோ, நெடுநேரம் அசையாமல் இருந்தாலோ இந்த வழுக்கல் குறையக்கூடும். உறையில் வலியை உணரும் நரம்பு நுனிகள் நிறைய உள்ளன. எனவே இறுக்கம் வலியாக வெளிப்படலாம். அவ்வலி இறுகிய இடத்திலன்றி வேறிடத்திலும் தோன்றலாம். நம் தையல் வகுப்பை நினைத்துக் கொள்வோம். ரவிக்கையின் அக்குளில் ஒரு தையல் இழுத்துப் பிடித்தால் சுருக்கம் தோளில் விழுகிறது. தோளைத் தேய்த்து என்ன பயன்? அக்குள் தையலை அல்லவா பிரிக்க வேண்டும்!

ஆஸ்டியோபதி பயின்றவர் முதலில் நோயாளியை நிற்கவும் குனியவும் திரும்பவும் சொல்லிக் கவனிக்கிறார். பிறகு இறுகிய பகுதியை விரலால் தேடுகிறார். அங்கே மெதுவாக அழுத்தியோ இழுத்தோ, இறுக்கம் தளரும்வரை பொறுமையாகப் பிடித்திருக்கிறார். மூட்டுகளை மென்மையாக அசைத்தும் விடுகிறார். முரட்டுத்தனமாகப் பிசைவதன்று இம்முறை.

ஸ்டில் சொன்னது முற்றிலும் உண்மைதானா? 2011-இல் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெலீன் லாஞ்சவின் முதலியோர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நுண்ணொலிக் கருவியால் இடுப்பின் உறையைப் படம் பிடித்தபோது, நாட்பட்ட இடுப்பு வலி உள்ளோரிடம் அடுக்குகளின் வழுக்கல் மற்றவரிடம் உள்ளதைவிட ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. இறுக்கத்தால் வலி வந்ததா, வலியால் அசையாதிருந்து இறுக்கம் வந்ததா என்பதை அவ்வாய்வு மட்டும் தீர்த்து வைக்கவில்லை. கையால் அழுத்தும்போது உறைதான் தளர்கிறதா, அல்லது நரம்புகள் அமைதியுற்று வலி தணிகிறதா என்பதும் இன்னும் ஆராயப்படுகிறது. இடுப்பு வலிக்குக் கைச் சிகிச்சை ஓரளவு உதவுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. உடற்பயிற்சியோடு சேர்த்தே அதனைத் தர வேண்டும் என்று 2016-இல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுக் குழு அறிவுறுத்தியது.

இன்னொன்றையும் பெற்றோர் நினைவில் கொள்வது நன்று. கீழே விழுந்தபின் வரும் கடும் வலி, காய்ச்சலோடு வரும் முதுகு வலி, கை கால் மரத்துப் போதல், சிறுநீர் மலத்தை அடக்க இயலாமை ஆகியவை இருந்தால் யாரிடமும் அழுத்திவிடக் கொடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முறையாகப் பயிலாதவர் கழுத்தைத் திடீரெனத் திருப்புவதும் ஆபத்தானது.

நமக்கு ஒரு பாடம்

ஸ்டில்லின் வாழ்வில் நம் நெஞ்சை உருக்கும் முரண் ஒன்றுண்டு. பயனற்ற மருந்துகளை வெறுத்த அவர், நாளடைவில் ஏறக்குறைய எல்லா மருந்துகளையுமே வெறுத்தார். கைகளால் தீராத நோயே இல்லை என்னும் அளவுக்குச் சென்றார். ஆனால் அவர் குழந்தைகளைக் கொண்டுபோன அந்தக் காய்ச்சலை வென்றவை கைகள் அல்ல. பாக்டீரியாவால் வரும் மெனிஞ்சைட்டிஸை இன்று தீர்ப்பவை ஆன்டிபயாட்டிக் மருந்துகள், தடுப்பவை தடுப்பூசிகள். அவை 1864-இல் இருந்திருந்தால் அக்குழந்தைகள் பிழைத்திருக்கக்கூடும். ஆஸ்டியோபதியும் ஒருவேளை பிறந்திராது!

அவர் வழிவந்தோர் இவ்வுண்மையை உணர்ந்து கொண்டனர். அமெரிக்காவில் இன்று ஆஸ்டியோபதி மருத்துவர்கள் மருந்தும் தருகின்றனர், அறுவையும் செய்கின்றனர், கைச் சிகிச்சையையும் கற்கின்றனர். வேறு பல நாடுகளில் இம்முறையினர் கையால் மட்டுமே சிகிச்சை செய்கின்றனர்; அவர்கள் எல்லா நோய்க்கும் மருத்துவர் ஆகார். ஆசிரியரிடம் நல்லதை ஏற்று, தவறியதைத் திருத்திக் கொள்வதும் அவருக்குச் செய்யும் மரியாதையே.

1917-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12-ஆம் நாள், தம் 89-ஆம் வயதில், கிர்க்ஸ்வில்லில் டாக்டர் ஸ்டில் மறைந்தார். அவர் தொடங்கிய பள்ளி பல்கலைக்கழகமாக வளர்ந்து இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அன்புத் தோழியரே! தம் துயரத்தில் மூழ்கிவிடாமல், பிறர் துயரைத் துடைக்கும் வழியைத் தேடியவர் ஸ்டில். அவர் கண்ட விடைகளில் சில பொய்த்தன, சில நிலைத்தன. ஆனால் வலியென்று வந்தவரை விரட்டாமல், அருகிலிருந்து, தொட்டு, பொறுமையோடு காரணத்தைத் தேட வேண்டும் என்ற அவர் நெறி என்றும் பொய்க்காது. நம்முள் நாளைய மருத்துவரும் செவிலியரும் பலர் உளர். இன்று மாலை வீடு திரும்பியதும், இடுப்பைப் பிடித்துக் கொண்டு எழும் அன்னையின் கையிலிருந்து குடத்தை நாம் வாங்கிக் கொள்வோம். எங்கே வலிக்கிறது என்று அன்போடு கேட்போம். நம் தொண்டு அங்கிருந்தே தொடங்கட்டும்!

— பத்தாம் வகுப்பு மாணவி