தமிழவேளின் வீடும் முரசும்

திருவாரூரில் 1903-இல் பிறந்த கோ. சாரங்கபாணி, 1924-இல் சிங்கப்பூருக்கு வந்தார். 1935-இல் அவர் தொடங்கிய தமிழ் முரசின் விலை அப்போது ஒரு காசு.

பெரியாரின் சுயமரியாதைக் கொள்கைதான் அவருக்கு மதம். சாதியை எதிர்த்து எழுதியதோடு நிற்காமல், 1937-இல் பெரனாக்கான் சீனப் பெண்ணான லிம் பூன் நியோவை மணந்தார். அந்தக் காலத்தில் அது சாதாரண காரியமா? ஊருக்குச் சொல்வதை வீட்டிலும் செய்தவர்கள் குறைவு.

அதற்காகச் சாமி கும்பிடுபவர்களை அவர் ஒதுக்கவும் இல்லை. 1952-இல் பொங்கலை ஒட்டித் தமிழர் திருநாளை ஏற்படுத்தி, இந்து, முஸ்லிம், கிறிஸ்தவத் தமிழர்களை ஒரே மேடைக்கு அழைத்தார். குடியுரிமை எடுக்கும்படி தோட்டத்துத் தமிழரையும் நகரத்துத் தமிழரையும் முரசில் வற்புறுத்தி எழுதினார்.

1974-இல் அவர் காலமானார். அந்தச் சீனத் தாயின் பிள்ளைகளே 1995 வரை தமிழ் முரசை நடத்தினார்கள்.