அயனிகளை எண்ணக் கற்றுத்தந்த அர்ஹீனியஸ்

பிளஸ் டூ படிக்கும் குழந்தைகள் உள்ள வீடுகளில் அடிக்கடி காதில் விழும் கணக்கு ஒன்று உண்டு. 11.1 கிராம் கால்சியம் குளோரைடைத் தண்ணீரில் கரைத்தால் எத்தனை மோல் அயனிகள் கிடைக்கும்? அதன் மோலார் நிறை 111 கிராம். ஆகவே 11.1 கிராம் என்பது 0.1 மோல். ஒவ்வொரு மோலும் ஒரு மோல் கால்சியம் அயனியையும் இரண்டு மோல் குளோரைடு அயனியையும் தருகிறது. எனவே 0.1 மோல் கால்சியம், 0.2 மோல் குளோரைடு, மொத்தம் 0.3 மோல். இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும் இந்தக் கணக்குக்குப் பின்னால் ஒரு மனிதரின் விடாமுயற்சி இருக்கிறது.

ஸ்வான்டே அர்ஹீனியஸ் 1859 பிப்ரவரி 19 அன்று ஸ்வீடனில் உப்சாலா நகருக்கு அருகில் பிறந்தார். தகப்பனார் நில அளவையாளர். மூன்று வயதிலேயே தானாகப் படிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை, கணிதத்திலும் பௌதிகத்திலும் சூட்டிகையாக விளங்கினார். உப்சாலா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், 1881-ல் ஸ்டாக்ஹோம் சென்று பேராசிரியர் எட்லண்டிடம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

உப்புக் கரைசலில் மின்சாரம் எப்படிப் பாய்கிறது என்பதே அவர் எடுத்துக்கொண்ட விஷயம். மின்சாரம் செலுத்தினால்தான் உப்பு பிரிகிறது என்று அக்காலத்தில் பலரும் எண்ணினார்கள். தண்ணீரில் கரைந்தாலே உப்பு மின்னூட்டம் பெற்ற துகள்களாகப் பிரிந்துவிடுகிறது என்ற முடிவுக்கு அர்ஹீனியஸ் படிப்படியாக வந்து சேர்ந்தார்.

1884-ல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தபோது உப்சாலாப் பேராசிரியர்களுக்கு அது ருசிக்கவில்லை. சோடியம் தண்ணீரைக் கண்டால் சீறும், குளோரின் நச்சு வாயு. இரண்டும் தனித்தனியாக உப்புத் தண்ணீரில் எப்படி இருக்கும் என்பதே இக்கொள்கைக்கு எழுந்த ஆட்சேபம். அணு வேறு, மின்னூட்டம் பெற்ற அயனி வேறு என்பது அன்று பலருக்குப் புரியவில்லை. பட்டம் கிடைத்தது, ஆனால் மிகத் தாழ்ந்த தரத்தில். பல்கலைக்கழக ஆசிரியர் பதவிக்கான வழியே அடைபடும் நிலை.

அவர் மனம் தளரவில்லை. ஆய்வேட்டின் பிரதிகளை வெளிநாட்டு அறிஞர்களுக்குத் தபாலில் அனுப்பினார். ரிகா நகரிலிருந்த ஓஸ்ட்வால்ட் அதன் அருமையை உணர்ந்து, நேரிலேயே உப்சாலாவுக்கு வந்து வேலை தர முன்வந்தார். தகப்பனார் உடல்நலமின்றி இருந்ததால் அர்ஹீனியஸ் உடனே புறப்படவில்லை. ஆனாலும் அந்த வருகைக்குப் பிறகு உப்சாலாவிலேயே அவருக்கு ஆசிரியர் பதவி கிடைத்தது. தகப்பனார் 1885-ல் காலமானார்.

பின்னர் வெளிநாடு சென்று ஓஸ்ட்வால்ட், கோல்ராஷ், போல்ட்ஸ்மன், வான்ட் ஹாஃப் ஆகியோருடன் பணியாற்றினார். உப்புக் கரைசல்களின் உறைநிலை, சர்க்கரைக் கரைசலைவிட ஏறக்குறைய இரண்டு, மூன்று மடங்கு அதிகமாகக் குறைவது வான்ட் ஹாஃபுக்குப் புதிராக இருந்தது. துகள்களின் எண்ணிக்கையே இரண்டாக, மூன்றாகப் பெருகுகிறது என்று 1887-ல் அர்ஹீனியஸ் விளக்கினார். நம் குழந்தைகள் போடும் கணக்கின் அஸ்திவாரம் இதுதான்.

1903-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. அப்பரிசைப் பெற்ற முதல் ஸ்வீடன் நாட்டவர் அவரே. உப்சாலாவில் அவருடைய கொள்கையை ஏற்கத் தயங்கிய பேராசிரியர் கிளீவ், அப்போது நோபல் வேதியியல் குழுவில் இருந்தார் என்பது காலத்தின் விளையாட்டு. காற்றிலுள்ள கரியமில வாயு பெருகினால் பூமி எவ்வளவு சூடேறும் என்று 1896-லேயே கணக்கிட்டவரும் அர்ஹீனியஸ்தான். 1927 அக்டோபர் 2 அன்று அவர் மறைந்தார்.

அவர் கொள்கையும் பின்னால் திருத்தம் பெற்றது. சாதாரண உப்பு, திண்மநிலையிலேயே அயனிகளால் ஆனது என்பதை இன்று அறிவோம். வலிமையான உப்புகள் கரைசலில் முழுமையாகவே பிரிகின்றன என்ற அடிப்படையில் 1918-ல் புதிய கொள்கை ஒன்றை முன்வைத்தவர்களில் நம் நாட்டு ஞான் சந்திர கோஷ் முக்கியமானவர். பின்னாளில் கரக்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் இயக்குநரானவர் அவர்.

மதிப்பெண் குறைந்துவிட்டதே என்று வீட்டுக் குழந்தை முகம் வாடி உட்கார்ந்திருந்தால், பெரியவர்கள் பக்கத்தில் அமர்ந்து அர்ஹீனியஸின் கதையைச் சொல்லலாம். அப்படியே அந்த மோல் கணக்கையும் சேர்ந்து போட்டுப் பார்க்கலாம்.